ஆறாவது கோப்பை

அவள் தட்டில் வைத்து உள்ளே தள்ளியது ஐந்து கோப்பைகள். தட்டு திரும்பி வந்தபோது ஆறு இருந்தன.

பழச்சாறும் மிட்டாயும் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் சுவை பார்க்கும் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. வரிசையாக நான்கு சிறிய அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நாற்காலி, ஒரு மேசை, சுவரில் ஒரு முழ அகலத்துக்கு ஒரு தள்ளுகதவு. இந்தப் பக்கம் நின்று அவள் தட்டைத் தள்ளுவாள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் குடித்துப் பார்த்து, சீட்டில் எழுதி, தட்டைத் திருப்பித் தள்ளுவார். பதினோரு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. சர்க்கரை ஒரு சிட்டிகை கூடியிருந்தாலும் சொல்லிவிடுவாள் என்பதால் வாசல் காவலாளி முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் நாக்கு அக்கா.

அந்த வாரம் நடந்துகொண்டிருந்தது கொஞ்சம் வேடிக்கையான சோதனை. ஒரே சர்க்கரைத் தண்ணீர், அதில் சில துளி எலுமிச்சை. அதை ஐந்து கோப்பைகளில் ஊற்றி, சுவையே இல்லாத சாயங்களைக் கலந்து, சிவப்பு, மஞ்சள், பச்சை, பழுப்பு, நீலம் என்று கொடுக்கவேண்டும். குடித்தவர்கள் எல்லோரும் ஏமாந்தார்கள். சிவப்புதான் அதிக இனிப்பு என்று எழுதினார்கள். மஞ்சள் புளிக்கிறது, பச்சை பழுக்காத காய் மாதிரி, பழுப்பு கசக்கிறது, நீலத்தில் மருந்து வாடை. ஐந்தும் ஒன்றுதானே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கண் சொல்வதை நாக்கு இப்படி அப்படியே நம்பிவிடுகிறதே என்று அவளுக்குச் சிரிப்பாக இருந்தது.

அன்றைக்குக் கடைசி ஆள் ஓய்வுபெற்ற தபால்காரர். வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். "மருமக சமையலை ஆறு வருஷமா சாப்பிட்டுட்டு உயிரோட இருக்கேன். என் நாக்கு எதையும் தாங்கும், தைரியமா குடுங்க" என்பார். அன்றும் அதையே சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார்.

அவருடைய சீட்டில் ஐந்து வரிகள் எல்லோரையும் போலவே இருந்தன. கீழே அவரே ஒரு கோடு போட்டு, 6 என்று எண் எழுதியிருந்தார். நிறம் என்ற கட்டம் காலி. சுவை என்ற கட்டத்தில் இரண்டு சொற்கள்: இன்னும் வேணும்.

அவள் தட்டைப் பார்த்தாள். ஆறாவது கோப்பை மற்றவற்றைப் போலவே கண்ணாடி. அடியில் எண் ஒட்டப்பட்டிருக்கவில்லை. எந்தச் சாயமும் இல்லாமல் ஒரு துளி மிச்சமிருந்தது. சுற்றிப்போய் அறைக்கதவைத் திறந்தாள். நாற்காலி பின்னால் தள்ளிக் கிடந்தது. தபால்காரர் போய்விட்டிருந்தார்.

"எண்ணும்போது தப்பாயிருக்கும்கா. கழுவி வைங்க" என்றார் மேனேஜர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவளுக்கு எண்ணத் தெரியும். எந்தப் புட்டியிலிருந்து எது தவறிக் கலந்தது என்று கண்டுபிடித்துவிட்டுக் கழுவலாம் என்று நினைத்தாள். அதற்கு அவளிடம் இருந்த கருவி ஒன்றுதான். கோப்பையைச் சாய்த்து, துளியை விரல்நுனியில் எடுத்து நாக்கில் வைத்தாள்.

புளிப்பு மாதிரித் தொடங்கியது. உடனே இனிப்பானது. அப்புறம் இரண்டும் இல்லாமல் வேறொன்று. பதினோரு வருடத்தில் அவள் பழகியிருந்த சொற்களில் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. மூடிய இமைகளுக்குள் ஒரு நிறம் மெல்ல எழுந்து விளிம்புவரை நிரம்பியது. அதற்கும் அவளுக்குப் பெயர் தெரியவில்லை. விழுங்கினாள். விழுங்கிய பிறகும் விழுங்கவேண்டும் போலவே இருந்தது. கண்ணைத் திறந்தபோது கோப்பைக்குள் நாக்கை நீட்டி அடியை நக்கிக்கொண்டிருந்தாள்.

வெட்கமாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் முட்டையின் மஞ்சள் கரு ஈரச் சுண்ணாம்புத் தூள் மாதிரி வாயில் உருண்டது. உப்பைத் தூவினாள். இன்னும் தூவினாள்.

"எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை" என்றார் கணவர். அவர் லிப்ட் மெக்கானிக். கிரீஸ் போகாத நகங்களோடு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "சளி பிடிச்சிருக்கும். வெந்நீர் குடிச்சுட்டுப் படு."

அவர்களுடைய ஆறு வயது மகளுக்கு வீட்டில் பெயர் வாலு. அம்மாவின் தட்டிலிருந்த தக்காளித் துண்டை எடுத்துத் தின்றுவிட்டு, "எனக்குச் சளி இல்லையே" என்றாள்.

சளி இல்லை. மறுநாள் காலை பிரிவில் வழக்கம்போல் நாக்கைச் சோதிக்க வைத்திருக்கும் நான்கு புட்டிகளைத் திறந்தாள். இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு. நான்கும் தண்ணீராக இருந்தன. கசப்புப் புட்டியைப் பாதி குடித்துப் பார்த்தாள். முகம்கூடச் சுளிக்கவில்லை. பதிவேட்டில் எல்லாம் சரி என்று எழுதினாள். வேறு என்ன எழுதமுடியும். அந்த நாக்குக்குத்தான் சம்பளம்.

கைகழுவப் போன இடத்தில்தான் அதைப் பார்த்தாள்.

நடைபாதைச் சுவரில், தொட்டிக்கு மேலே, உள்ளங்கையளவு ஓர் இடம். குழாய் சொட்டும் ஓசையும், அடித்தளத்திலிருந்து ஏறிவரும் காய்ச்சிய சர்க்கரையின் கனத்த வாடையும், தலைக்குமேல் காற்றாடியின் இரைச்சலும் எப்போதும்போல் இருக்க, அந்த இடத்தில் மட்டும் சுவர் சுவராக இல்லை. இமைகளுக்குள் பார்த்த அதே நிறம். பார்த்த கணத்தில் வாய் முழுக்க அந்தச் சுவை. எச்சில் ஊறி உதட்டோரம் வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

பிரிவில் நிற அட்டைகளைக் கோத்த தடித்த புத்தகம் ஒன்று உண்டு. ஆயிரத்துக்கு மேல் அட்டைகள், ஒவ்வொன்றுக்கும் எண். அதை எடுத்துவந்து சுவரோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். முதல் அட்டை முதல் கடைசி அட்டை வரை. ஒன்றுகூட ஒத்துவரவில்லை. மேனேஜர் அந்த வழியாக வந்தார்.

"சார், இந்த இடம் என்ன கலர்ல தெரியுது உங்களுக்கு?"

"வெள்ளைதான். ஏன்கா, பெயிண்ட் அடிக்கணுமா?"

"வேணாம்" என்றாள் அவசரமாக. "அப்படியே இருக்கட்டும்."

தபால்காரர் அடுத்த முறையும் வரவில்லை, அதற்கு அடுத்த முறையும். அதற்குள் அவள் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எதை வாயில் போட்டாலும் துணியை மெல்லுவது போலிருந்தது. வயிறு சுருங்கி முதுகோடு ஒட்டியது. பதிவேட்டில் அவருடைய முகவரியைப் பார்த்துக்கொண்டு மதிய இடைவேளையில் கிளம்பிப் போனாள்.

மருமகள் கதவைத் திறந்தாள். இடுப்பில் பத்து மாதக் குழந்தை. அழுது ஓய்ந்த முகம், குழந்தைக்கல்ல, அவளுக்கு.

"நீங்க அந்தத் தொழிற்சாலை அக்காவா? உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு. வாங்க. பாத்துப் பயந்துடாதீங்க."

பின்னறையில் ஜன்னல் திறந்திருந்தது. நல்ல வெயில். தபால்காரர் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் வாய்க்கு நேரே, சுவரில், கிண்ணம் கவிழ்த்த அளவுக்கு ஒரு குழி. பூச்சு போய், மணல் போய், செங்கல் தெரிந்தது. செங்கல்லும் ஈரமாக இருந்தது. அவர் திரும்பினார். உதடுகள் வெடித்து, சுண்ணாம்பும் ரத்தமும் காய்ந்து தாடைவரை ஒட்டியிருந்தன. அவளைப் பார்த்ததும் பழைய மரியாதையோடு எழுந்திருக்க முயன்றார்.

"உக்காருங்கம்மா. நீங்களும் குடிச்சீங்களா அதை?"

"ஒரு துளி."

"ஒரு துளி" என்று அவரும் சொன்னார். பேசும்போது நாக்கு தடித்துப் புரண்டது. "எனக்குத் தெரியாதும்மா. நீங்கதான் வச்சீங்கன்னு நினைச்சேன். நானா எடுத்துட்டு வரல."

"நான் வைக்கல ஐயா."

அவர் குழியின் ஈர விளிம்பை விரலால் தடவினார்.

"சுவத்துல இருந்த வரைக்கும் பரவால்ல" என்றார் அவர். "சுவரைத் தின்னா யாருக்கு நஷ்டம். முந்தாநாள்ல இருந்து சுவத்துல இல்லம்மா. இடம் மாறிடுச்சு."

"எங்க?"

அவருடைய கண்கள் அவளுடைய தோளுக்குப் பின்னால் போயின. அவள் திரும்பிப் பார்த்தாள். வாசற்படியில் மருமகள் தண்ணீர்க் குவளையோடு நின்றாள். இடுப்பிலிருந்த குழந்தை தாத்தாவைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தது. தபால்காரரின் தொண்டைக்குமிழ் ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது.

"புள்ளைய இந்த ரூமுக்குக் கொண்டுவராதேன்னு சொல்லுங்கம்மா" என்றார் மெதுவாக, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு. "நான் சொன்னா கேக்கமாட்டேங்குறா. தாத்தாவுக்கு உடம்பு சரியில்லேன்னா பேரனைப் பாத்தா தேறிடும்னு நினைக்கிறா."

அவள் அந்த மருமகளை வெளியே அழைத்துக்கொண்டுபோய், என்ன சொன்னோம் என்றே தெரியாமல் ஏதேதோ சொன்னாள். தொற்றுநோய் என்றாள். குழந்தையை உடனே தாய்வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னாள். அந்தப் பெண் நம்பினாள். அன்றே போனாள்.

தொழிற்சாலைக்குத் திரும்பியதும் நேராக நடைபாதைக்கு நடந்தாள். தொட்டிக்கு மேலே சுவர் வெள்ளையாக இருந்தது. வெறும் வெள்ளை. விரலால் தடவிப் பார்த்தாள். எதுவும் இல்லை. நிம்மதி வரவேண்டும் என்று காத்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு நாள் கழித்து மருமகள் போன் செய்தாள். அவர் இறந்துவிட்டார். கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்தபடியே. ரத்தம் போய்த்தான் இறந்தார் என்று சொன்னார்களாம். அவருடைய இடது கையையும் அதிலிருந்த பல்தடத்தையும் பற்றி அந்தப் பெண் ஏதோ சொல்லத் தொடங்கினாள். முடிக்கவில்லை. "அவரே பண்ணியிருக்காருக்கா" என்றாள். அதற்குமேல் அழுகைதான் கேட்டது.

அன்று மாலை அவள் குளியலறைக் கண்ணாடிமுன் நின்று தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோள், வயிறு, தொடை, பாதம். அந்த நிறம் எங்காவது இருக்கும் என்று தேடினாள். இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே தேடினாள். அவளுடைய தோல் எப்போதும் இருந்த தோலாகவே இருந்தது.

சனிக்கிழமை காலையில் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வெயில் கூடத்துத் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. வாலு பள்ளிக்கூடத்தில் யாரோ யாரையோ தள்ளிவிட்ட கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். வகிடு எடுத்து, இடது பக்கத்து முடியை ஒதுக்கியபோது, காதுக்குப் பின்னால் சுண்டுவிரல் நகமளவு அது இருந்தது.

சீப்பு அப்படியே நின்றது.

"அம்மா, மழை பெய்யுதா? தலைல சொட்டுச்சு."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்து தலையை அதன்கீழ் காட்டினாள். வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாய்க்குள் எச்சில் நிரம்பி, விழுங்க விழுங்க நிரம்பியது.

கணவரிடம் அன்றே சொன்னாள். முதல் கோப்பையிலிருந்து தபால்காரரின் கை வரை எதையும் விடாமல் சொன்னாள். அவர் பழுதான லிப்டின் ஓசையைக் கேட்பது போல் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நீ சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

"பதினோரு நாள்."

"பட்டினி கிடந்தா யாருக்கும் இப்படித்தான். வா, டாக்டர்கிட்ட போலாம்."

டாக்டர் நாக்கைப் பார்த்தார். விளக்கடித்துத் தொண்டையைப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை என்றார். கையில் ஊசி குத்திச் சத்துநீர் ஏற்றினார்கள். பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். கணவரும் மகளும் வராந்தாவில் காத்திருந்தார்கள். இடையில் ஒரு சுவர் இருந்தது, மூடிய கதவு இருந்தது. மகள் வராந்தாவின் எந்த முனையில் நிற்கிறாள், எப்போது திரும்பி இந்தப் பக்கம் ஓடிவருகிறாள் என்று அவளுக்கு நாக்கில் தெரிந்தது. அருகே வர வர இனிப்பு. தள்ளிப் போகப் போகப் புளிப்பு. கண்ணை இறுக்க மூடினாள். கூடியதே தவிரக் குறையவில்லை.

அதற்குப் பிறகு மகளைத் தொடுவதை நிறுத்தினாள். குளிப்பாட்டுவதை, தலை வாருவதை, பக்கத்தில் படுக்கவைப்பதை. வாலு முதல்நாள் கோபித்தாள். இரண்டாம் நாள் அப்பாவிடம் போய், "அம்மாவுக்கு என்மேல என்ன கோவம்?" என்று கேட்டாள். மூன்றாம் நாள் கேட்கவில்லை. தூரத்தில் நின்று அம்மாவைப் பார்த்தாள். அது மகளின் கழுத்தில் இறங்கியிருந்தது. கன்னத்தில் ஏறியிருந்தது. நான்காம் நாள் காலை, பால் டம்ளரைப் பிடித்திருந்த இரண்டு கைகளும், முழங்கையிலிருந்து விரல்நுனிவரை.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. கணவரைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள்.

"ஸ்டோர்ரூம்ல என்னைப் போட்டுப் பூட்டுங்க. அவளை உங்க அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. இப்பவே."

"இந்தா பாரு..."

"நம்பவேணாம். எனக்குப் பைத்தியம்னே வச்சுக்கோங்க. பூட்டுங்க, போதும்."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். என்ன பார்த்தாரோ, ஸ்டோர்ரூமிலிருந்த பழைய பெட்டிகளை நகர்த்தி, தரையில் ஒரு பாய் விரித்து, தண்ணீர்ப் பாட்டில் வைத்தார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. பூட்டும்போது சாவி இரண்டுமுறை தவறியது.

"வண்டி கூட்டிட்டு வரேன். பத்து நிமிஷம். வாலுவை மேல் வீட்ல விட்டிருக்கேன், அவங்க பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்காங்க" என்றார் கதவுக்கு வெளியிலிருந்து. "அக்கா வீட்ல விட்டுட்டு ஓடி வந்துடறேன். சரியா?"

"சரி."

"கேக்குதா?"

"கேக்குது. போங்க."

செருப்புச் சத்தம் போனது. வாசற்கதவு சாத்திக்கொண்டது. அவள் தலையில் கட்டும் துணியை எடுத்துக் கண்களை இறுக்கக் கட்டினாள். சுவரோரம் பெட்டிகளுக்கு நடுவில் ஒடுங்கிக்கொண்டாள். பழைய காகிதத்தின் வாடை, துருவின் வாடை, எங்கோ காய்ந்துபோன பெயிண்ட் டப்பாவின் வாடை. வெளியே தெருவில் யாரோ இரும்புக்கதவை இழுத்துச் சாத்தும் ஓசை. தலைக்குமேல் மாடித்தரையில் சின்னப் பாதங்கள் ஓடின. புளிப்பு. மெல்லிய புளிப்பு. தாங்கக்கூடியதுதான். பத்து நிமிடம். எண்ணத் தொடங்கினாள்.

மாடியில் ஓசை நின்றது.

இருநூறுவரை எண்ணியிருந்தாள். புளிப்பு மாறியது. மாடிப்படியில் யாரோ இறங்கினார்கள். ஒவ்வொரு படியாக. வாசற்கதவு திறந்தது.

இனிப்பு.

"அம்மா?"

அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, நான் அத்தை வீட்டுக்குப் போகல. நான் இனிமே தொல்லை பண்ணமாட்டேன்."

"மேல போ" என்றாள். வாய் நிறைந்திருந்ததால் சொல் சொல்லாக வரவில்லை. "வாலு. மேல போ. அம்மா சொல்றேன்."

"என்னம்மா சொல்றே? புரியல."

தாழ்ப்பாளை ஆட்டிப் பார்க்கும் ஓசை. அப்புறம் பாவாடை தரையில் உரசியது. மகள் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டாள்.

"பூட்டியிருக்கு. அப்பா வரவரைக்கும் நான் இங்கயே உக்காந்திருக்கேன். நீ பயப்படாதே. இந்தா, என் கையைப் பிடிச்சுக்கோ."

கண்ணில் கட்டியிருந்த துணி எப்போது அவிழ்ந்தது என்று அவளுக்குத் தெரியாது.

கதவுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி. அதில் ஒரு கோடு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் நான்கு விரல்கள். இந்தப் பக்கம் வந்து, மெல்ல அசைந்தன. அறை முழுக்க வேறு நிறமே இல்லை.

பெட்டிகள் சரிந்தன. போ என்று சொல்ல நினைத்தாள். முழங்கால்கள் தரையில் பட்டன. உள்ளங்கைகள் பட்டன. சிமெண்டின் குளிர். தாடை. கன்னம்.

"வந்துட்டியாம்மா" என்றாள் மகள். விரல்கள் அவள் உதட்டைத் தொட்டுத் தெரிந்துகொண்டன.

பின்பு, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பல நாட்களுக்குப் பிறகு, ஒரு சிரிப்பு.

"அம்மா, நக்காதே. கூசுது."